குடியை விட நினைப்பவரும் நம் தவறான எண்ணங்களும்



மது ஹராம் என்பதை உங்களுக்கு எடுத்துச் சொல்லத் தேவையில்லை. அதில் சிக்கியவரைப் பற்றி நம் மஹல்லாக்களில் உலவும் பேச்சுகளைப் பற்றித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

"ஈமான் இருந்தால் இன்றே விட்டுவிடுவானே" என்கிறோம். பல வருடம் தினமும் குடித்தவரின் மூளை மதுவுக்குப் பழகிவிடுகிறது. திடீரென நிறுத்தினால் சில மணி நேரத்தில் கை நடுங்கும், வியர்த்துக் கொட்டும். முதல் இரண்டு நாட்களில் வலிப்பு வரலாம். அடுத்து சிலருக்குப் புத்தி தடுமாறி இல்லாத உருவங்கள் தெரியும். ரமளான் பிறை கண்டதும் நிறுத்திய ஒருவர் மூன்றாம் நோன்பன்று சுவரைப் பார்த்துப் பேசினால், ஜின் பிடித்துவிட்டது என்று தாயத்துக் கட்ட அழைத்துப் போகிறோம். அது உயிருக்கே ஆபத்தான நிலை! உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். நோயாளிக்கு நோன்பைப் பிறகு களாச் செய்யும் சலுகையை மார்க்கம் தந்திருக்கிறது.

சகோதரிகள் கவனிக்க வேண்டியது ஒன்று. கணவருக்குத் தெரியாமல் சோற்றில் மாத்திரை கலக்காதீர்கள். டைசல்ஃபிராம் என்ற மருந்து உடலில் இருக்கும்போது குடித்தால் வாந்தி, நெஞ்சுப் படபடப்பு வரும். இரத்த அழுத்தம் சரிந்து மரணமும் நேரலாம். அவர் அறிந்து, சம்மதித்து, மருத்துவர் எழுதிக் கொடுத்தால் மட்டுமே அது மருந்து.

"குடிகாரன் தொழுகை 40 நாள் ஏற்கப்படாதே, பள்ளிக்கு ஏன் வருகிறான்?" என்றும் கேட்கிறார்கள். போவது நன்மைதான், தொழுகைக் கடமை நீங்காது என்று உலமாக்கள் விளக்கியுள்ளார்கள். தவ்பா செய்தால் அல்லாஹ் ஏற்கிறான் என்பதும் அதே ஹதீஸில்தான் இருக்கிறது. பாதியை மட்டும் ஏன் சொல்கிறோம்?

சிகிச்சை முடிந்து வந்தவர் மறுபடி குடித்தால் "இவன் திருந்தமாட்டான்" என்று கைகழுவுகிறோம். நீண்டகால நோய்களில் இப்படித் திரும்புவது உண்டு. சிகிச்சையைத் தொடர வேண்டும். குடித்ததற்காகத் திரும்பத் திரும்பத் தண்டிக்கப்பட்ட ஒரு ஸஹாபியை இன்னொருவர் சபித்தபோது, நபி (ஸல்) அவர்கள் தடுத்து, அவர் அல்லாஹ்வையும் அவனுடைய தூதரையும் நேசிப்பவர் என்றார்கள். உமர் (ரலி) அறிவிக்கும் இச்செய்தி புகாரியில் உள்ளது. தண்டனையும் நடந்தது, சபிப்பதும் தடுக்கப்பட்டது.

உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். மத்திய அரசின் போதை மீட்பு உதவி எண் 14446. கட்டணம் கிடையாது.