ஊளை ஓய்ந்த பிறகு

அன்புள்ள தம்பிக்கு,

கர்நாடகத்தின் கொப்பள் பக்கத்துப் புல்வெளியில் ஓநாய்களைத் தேடிப் போன இரவுகளைப் பற்றி நீ எழுதிய கட்டுரையைப் படித்தேன். இரண்டாம் முறை படிக்கும்போது பென்சிலைக் கையில் எடுத்துக்கொண்டேன். ஓநாய்க் கூட்டம் எப்படி அமையும், மைக்கை எப்படிப் பிடிக்க வேண்டும் என்பதெல்லாம் உனக்குத் தெரியும். என்னை உறுத்திய இரண்டு இடங்களைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

முதலாவது, கூட்டத்தைப் பிரிந்த ஓநாய் துயரம் தாளாமல் அழுதது என்று எழுதியிருக்கிறாயே, அது. பக்கத்தில் முழுநிலா வேறு. நிலாவை விட்டுவிடுகிறேன், அழுகையை விட முடியாது. ஆஸ்திரியாவில் எர்ன்ஸ்ட்புருன் என்ற ஊரில், மனிதர் கையில் வளர்ந்த ஓநாய்களை ஆராயும் நிலையம் ஒன்று இருக்கிறது. அங்கே கூட்டத்திலிருந்து ஒரே ஒரு ஓநாயை மட்டும் வெளியே நடக்கக் கூட்டிப்போய்விட்டு, மிச்சமிருந்தவை எவ்வளவு ஊளையிடுகின்றன என்று கவனித்தார்கள். எச்சில் எடுத்து, மன அழுத்தத்தைக் காட்டும் கார்ட்டிசால் அளவும் பார்த்தார்கள். 2013இல் முடிவு வெளிவந்தது. வெளியே போனது கூட்டத்தில் உயர்ந்த இடத்தில் இருப்பதானாலோ, ஊளையிடும் ஓநாய்க்கு நெருங்கிய தோழனானாலோ ஊளை கூடியது. அந்தக் கூடுதலை மன அழுத்த அளவை வைத்து விளக்க முடியவில்லை. போனது யார் என்பதுதான் முக்கியமாக இருந்தது. நீ பார்த்த ஓநாய்க்குத் துயரம் இருந்திருக்கலாம், இல்லாமலும் இருந்திருக்கலாம். இருட்டில் அவ்வளவு தூரத்தில் நின்ற உனக்கு அது தெரிய வழியில்லை. எந்தத் திசையைப் பார்த்து ஊளையிட்டது, மற்றவை அப்போது எங்கே இருந்தன, எவ்வளவு நேரம் கழித்து வந்து சேர்ந்தன என்பதெல்லாம் தெரிந்திருக்கும். அதில் ஒன்றைக்கூட நீ எழுதவில்லை.

இரண்டாவதைப் படித்தபோது கோபமே வந்தது. ஒரு குன்றின் அடியில் நின்று நீயே வாயைக் குவித்து ஊளையிட்டிருக்கிறாய். பதில் வரவில்லை. உடனே அந்தப் பக்கம் ஓநாய் இல்லை என்று எழுதிவிட்டுப் படுக்கப் போய்விட்டாய். எப்படியப்பா இந்த முடிவுக்கு வந்தாய்? அமெரிக்காவில் மினசோட்டாவின் வடகிழக்குக் காடுகளில் ஃபிரெட் ஹாரிங்டனும் டேவிட் மெக்கும் இப்படி வாயால் ஊளையிட்டுத்தான் ஆராய்ந்தார்கள். ஓநாய்களின் கழுத்தில் ரேடியோ காலர் இருந்ததால், வாய் திறக்காத ஓநாய் எங்கே நிற்கிறது என்பதும் அவர்களுக்குத் தெரிந்தது. 1979இல் வெளியான அவர்களுடைய கட்டுரைக்கு அதனால்தான் இவ்வளவு மதிப்பு. அடித்த இரை பக்கத்தில் கிடந்து, தின்ன இன்னும் நிறைய மிச்சமிருந்தால் கூட்டம் அதிகமாகப் பதில் கொடுத்தது. பெரிய கூட்டம் சிறிய கூட்டத்தைவிட அதிகம் கொடுத்தது. பதில் கொடுத்தவை பெரும்பாலும் இருந்த இடத்திலேயே இருந்தன, கொடுக்காதவை ஓசைப்படாமல் விலகின. கூட்டமில்லாத ஒண்டி ஓநாய் பெரும்பாலும் வாயைத் திறக்கவே இல்லை. அடுத்த கூட்டத்தின் எல்லைக்குள் ஒளிந்து திரியும் ஓநாய் தன் இடத்தைக் காட்டிக்கொடுத்தால் உயிரே போகக்கூடும். உன் குன்றிலும் ஒன்று காதை நிமிர்த்தி உன்னைக் கேட்டுவிட்டு எழுந்து போயிருக்கக்கூடும். காலையில் ஏறிப்போய்த் தடம் பார்த்தாயா?

என்னோடு பழகிய எல்லாரும் கேட்டுச் சலித்த ஒன்றை உனக்கும் சொல்கிறேன். குரல் கொடுத்ததை எழுதினால் பாதிதான் எழுதியதாகும். கேட்டது யார், கேட்டுவிட்டு என்ன செய்தது என்பதையும் எழுது. புடாபெஸ்டில் தமாஷ் ஃபராகோவும் அவர் கூட்டாளிகளும் 2010இல் வெளியிட்ட சோதனையைப் பார். தரையில் ஒரு எலும்பு. அதன் பின்னால் துணி போர்த்திய கூண்டு, உள்ளே ஒலிபெருக்கி. நாய் எலும்பை நெருங்கியதும் கூண்டிலிருந்து உறுமல் வரும். சில நாய்களுக்கு, தன் எலும்பைக் காக்கும் நாயின் உறுமல். சிலவற்றுக்கு, அந்நியரைக் கண்டு மிரட்டும் உறுமல். இன்னும் சிலவற்றுக்கு, விளையாட்டு உறுமல். எலும்பைக் காக்கும் உறுமலைக் கேட்டவை பின்வாங்கின. அந்நியரை மிரட்டும் உறுமலுக்கு அவ்வளவாக மசியவில்லை, அதுவும் கடுமையான உறுமல்தான் என்றாலும். ஒலிநாடாவை மட்டும் ஆயிரம் முறை கேட்டாலும் இந்த வித்தியாசத்தின் பொருள் கிடைக்காது. கேட்ட நாயின் கால் எந்தப் பக்கம் போனது என்று பார்த்ததால் கிடைத்தது.

எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவர் முதுமலையில் என்னைப் படுத்திய பாடு நினைவுக்கு வருகிறது. ஸ்பூல் டேப் விலை அதிகமாயிருந்த காலம். செந்நாய்கள் புள்ளிமான் கூட்டத்தைத் துரத்திப் புதருக்குள் சிதறிவிட்டன. செந்நாய் ஓநாய் போல ஊளையிடாது, சீழ்க்கை அடிக்கும். சிதறியவை ஒன்று சேர அந்தச் சீழ்க்கைதான் உதவும். இடது பக்கம் ஒன்று, ஓடைக்கு அப்பால் ஒன்று என்று கேட்டது, பிறகு நின்றது. நான் பொத்தானில் கை வைத்ததும் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். ரீல் சுற்றிக்கொண்டே இருந்தது. தூரத்தில் ஒரு மான் எச்சரிக்கைக் குரல் கொடுத்தது, அது மெல்ல வலப்பக்கம் நகர்ந்தது. பிறகு லாந்தானாப் புதரை விலக்கிக்கொண்டு ஒரு செந்நாய் வண்டித்தடத்தில் வந்து நின்றது. கருத்த வால், முகவாயில் ஈரம். ஓடைப் பக்கம் பார்த்தபடியே நின்றது. அங்கிருந்து இன்னொன்று வந்ததும் இரண்டும் முகத்தோடு முகம் உரசிக்கொண்டு போயின. டேப்பில் சீழ்க்கை கொஞ்ச நேரம்தான், அதன் பின்னால் இருப்பதுதான் எனக்குப் பாடமாக இருந்தது. நாங்குநேரிக்காரர் ஏ.ஜே.டி. ஜான்சிங் 1970களில் பந்திப்பூரில் செந்நாய்களின் பின்னால் நடந்தே திரிந்தவர். அவர் எழுதியதைத் தேடிப் படி. எந்த விலங்கு எதற்குப் பிறகு என்ன செய்தது என்பதை எழுத அவரிடம் கற்றுக்கொள்ளலாம்.

இனி, உன் கட்டுரையில் ஆடு மேய்க்கும் குருபர் பெரியவரைப் பற்றி வரும் பத்தி. ஆட்டுக் கிடைக்குப் பக்கத்தில் கம்பளியைத் தலையோடு போர்த்திப் படுத்திருக்கிறார். நாய் குரைக்கிறது, அவர் அசையவில்லை. சற்று நேரம் கழித்து அதே நாய் மறுபடி குரைக்கிறது, இந்தத் தடவை கட்டையாக, இடைவெளி இல்லாமல். கம்பளியை உதறிவிட்டுக் கோலோடு எழுகிறார், கிடையின் மறுபக்கம் ஓநாய். தம்பி, தமிழில் விலங்குகளைப் பற்றி எழுதியவர்களில் இப்படி ஒரு பத்தி எழுதியவர்களை எண்ண ஒரு கை போதும். படித்துவிட்டு எழுந்து வாசல்வரை நடந்துவிட்டு வந்தேன். ஹங்கேரியின் ‘முடி’ (Mudi) என்ற இன மேய்ச்சல் நாய்கள் குரைத்ததைப் பதிவு செய்து மனிதர்களுக்குப் போட்டுக்காட்டியதில், நாயே வளர்க்காதவர்களும் எந்தச் சூழ்நிலைக் குரைப்பு என்பதை ஓரளவு சரியாகவே சொன்னார்கள் என்று 2005இல் பொங்கிராட்ஸ் குழுவினர் காட்டினார்கள். கிடைநாயோடு ஆயுசு முழுக்கப் படுத்தெழுந்த மனிதருக்கு எவ்வளவு தெரிந்திருக்கும்! அவருக்குப் பத்து வரி கொடுத்துவிட்டு உன் மனநிலைக்கு இரண்டு பக்கம் கொடுத்திருக்கிறாய்.

அவரிடம் திரும்பிப் போ. நாய் குரைக்கும் ஒவ்வொரு தடவையும் மணியைக் குறித்துக்கொள், அவர் எழுந்தாரா இல்லையா என்று எழுது, எழுந்தால் என்ன இருந்தது என்று எழுது. ஏன் எழவில்லை என்பதை மறுநாள் காலை டீ குடிக்கும்போது கேள், இரவில் கேட்டுத் தொந்தரவு செய்யாதே. ஓநாய் குட்டி போட்டிருக்கும் காலமாக இருந்தால் குகைப் பக்கம் போய் நீ ஊளையிடக் கூடாது, இதில் எந்தச் சமாதானமும் கேட்க மாட்டேன். குரல் நின்ற பிறகும் கருவியை ஓடவிடு. அடுத்த கட்டுரையை எழுத உட்காரும் முன் பதிவுகளை வெட்டாமல் அப்படியே எனக்கு அனுப்பு, நோட்டுப் புத்தகத்தையும் சேர்த்து.

அன்புடன்,
உன் அண்ணன்