படித்ததும் நினைவிற் பதிந்ததும்

ஒரு கதையைப் படிக்கின்றோம். சில திங்கள் கழித்து அதனைப் பிறர்க்குச் சொல்லுகின்றோம். படித்தவாறே சொன்னோம் என்றும் நம்புகின்றோம். இந்நம்பிக்கையை ஆராய்ந்தவர் பிரெடெரிக் பார்ட்லெட் என்னும் ஆங்கில அறிஞர். 1886 இற் பிறந்து 1969 இல் மறைந்த இவர், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் முதல் சோதனை உளநூற் பேராசிரியராக 1931 இல் அமர்ந்தார்.

அவருக்கு முன்னிருந்த உளநூலார் சிலர், பொருளற்ற எழுத்துக் கோவைகளை உருப்போடச் செய்து மறதியை அளந்தனர். பார்ட்லெட் அம்முறையை ஏற்றிலர். மக்கள் படிப்பது பொருளுள்ளவற்றையன்றோ? ஆதலின் வட அமெரிக்கப் பழங்குடியினரின் கதையொன்றைத் தேர்ந்தார். 'ஆவிகளின் போர்' என்பது அதன் பெயர்.

இளைஞர் இருவர் கடல்நாய் வேட்டைக்கு ஆற்றிற்குச் செல்கின்றனர். மூடுபனியில் தோணியேறி வந்த வீரர் அவர்களைப் போருக்கு அழைக்கின்றனர். ஒருவன் மறுக்க, மற்றவன் செல்கின்றான். போரில் அவன் அடிபட்டான் என்று உடன்வந்தோர் கூறுகின்றனர். அவனுக்கோ நோவு தோன்றவில்லை. அவர்கள் ஆவிகளே என்று எண்ணுகின்றான். ஊர் திரும்பி நடந்ததைச் சொல்லுகின்றான். கதிரவன் எழுந்ததும் வீழ்கின்றான். கரிய பொருளொன்று வாயினின்று வெளிப்பட, இறக்கின்றான்.

இக்கதையைப் பார்ட்லெட் கேம்பிரிட்ஜிலிருந்தோர் பலரை இருமுறை படிக்கச் செய்தார். 15 நிமிடம் கழித்து எழுதச் சொன்னார். பின்னர்ச் சில வாரம், சில திங்கள் கடந்தும் மீண்டும் எழுதச் சொன்னார். கதை சுருங்கியது, அதில் வியப்பில்லை. அது மாறிய வகையே வியப்பு. தோணி படகாயிற்று. கடல்நாய் வேட்டை மீன்பிடித்தலாயிற்று. வாயில் வந்த கரிய பொருள் நுரையாயிற்று. ஆவிகளைச் சிலர் விட்டே விட்டனர். 'ஆவிகள்' என்பது ஒரு குலப்பெயர் என்று கொண்டாரும் உளர். காரணம் விளங்காத இடங்களில் 'ஆகவே' போன்ற சொற்களைத் தாமே சேர்த்துக்கொண்டனர். தாம் மாற்றியதை அவர்கள் பெரும்பாலும் உணர்ந்திலர்.

செய்யுளுக்கு எதுகையும் மோனையும் வேலியாக நின்று சொல்லைக் காக்கும். உரைநடைக்கு அவ்வேலி ஏது?

நாம் முன்பு அறிந்தவை மனத்தில் ஓர் அமைப்பாகத் திரண்டு நிற்கின்றன. புதிதாகப் படிப்பது அதற்குள் பொருந்துமாறு திருத்தப்படுகின்றது. நினைத்தல் என்பது அதனைக் கொண்டு மீண்டும் கட்டுதலே என்றார் பார்ட்லெட். அவ்வமைப்பிற்கு, ஹென்றி ஹெட் என்னும் மருத்துவர் வழங்கிய 'ஸ்கீமா' என்ற பெயரையே எடுத்தாண்டார். ஆராய்ச்சி முழுவதும் 1932 இல் நூலாக வெளிவந்தது.

படித்தவருள் ஒருவர் ஆறரை ஆண்டு கழித்து அக்கதையை மீண்டும் எழுதினார். முன்பு இளைஞராயிருந்த இருவரும் அதில் உடன்பிறந்தார் ஆயினர். பயணம் எதற்கென்பது அவருக்கு நினைவில்லை. வாயினின்று வந்த கரிய பொருளை அவர் மறந்திலர்.