எண் சொன்ன பாதிக் கதை

உயர்நிலை மூன்றில் பயிலும் மாணவி ஒருத்தி, இரண்டு ஆண்டுகளாகச் சேர்த்து வைத்திருந்த தீபாவளிப் பணத்தைக் கொண்டு இணையத்தில் ஒரு பழைய மின்கித்தாரை வாங்கினாள். விலை 550 வெள்ளி. “ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர், மெக்சிகோவில் செய்தது, 1995” என்று விளம்பரத்தில் எழுதியிருந்தது. படத்தில் கித்தார் சிவப்பாகப் பளபளத்தது. அது வீடு வந்து சேர்ந்த பிறகுதான் அவளுக்கு ஐயம் எழுந்தது. இதே வடிவத்தில் 300 வெள்ளிக்கும் கித்தார் கிடைக்கிறது; 3,000 வெள்ளிக்கும் கிடைக்கிறது. தான் வாங்கியது உண்மையில் எது?

ஸ்ட்ராட்டோகாஸ்டர் 1954ஆம் ஆண்டு அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் அறிமுகமானது. அதை உருவாக்கிய லியோ ஃபெண்டர் வானொலிப் பெட்டிகளைப் பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தவர். வியப்பு என்னவென்றால், அவருக்குக் கித்தார் வாசிக்கத் தெரியாது. பழுதுபார்ப்பவரின் கண்ணோடுதான் அவர் கித்தாரைப் பார்த்தார். அந்நாளில் பெரும்பாலான கித்தார்களில் கழுத்தை உடலோடு பசையால் ஒட்டினார்கள். கழுத்து கெட்டுப்போனால் சரிசெய்வது கடினம். ஃபெண்டரோ கழுத்தைத் திருகாணிகளால் பொருத்தினார். ஒரு திருப்புளி இருந்தால் போதும், பழைய கழுத்தைக் கழற்றிவிட்டுப் புதியதை மாட்டிவிடலாம்.

இவ்வகைக் கித்தார்களைப் பின்னாளில் ஜப்பான், மெக்சிகோ ஆகிய நாடுகளிலும் தயாரித்தார்கள். 1982இல் தொடங்கி, அதே நிறுவனம் ‘ஸ்குவையர்’ என்னும் பெயரில் விலை குறைந்த கித்தார்களையும் விற்று வருகிறது. எனவே, வெளித்தோற்றத்தை மட்டும் வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது. தலைப்பகுதியில் உள்ள பெயரையும் நம்ப முடியாது. அது ஒட்டுத்தாளில் அச்சிட்டு யாரும் ஒட்டிவிடக்கூடியது.

மாணவி முதலில் வரிசை எண்ணைத் தேடினாள். தொடக்கக் காலத்தில் இந்த எண் பெரும்பாலும் கழுத்தும் உடலும் சேருமிடத்தில் உள்ள உலோகத் தகட்டில் இருந்தது. 1976 முதல் தலைப்பகுதிக்கு மாறியது. எண்ணுக்கு முன்னால் ஓர் ஆங்கில எழுத்து வரும். ‘எஸ்’ எழுபதுகளையும் ‘இ’ எண்பதுகளையும் ‘என்’ தொண்ணூறுகளையும் குறிக்கும். அதற்கும் முன்னால் ‘எம்’ இருந்தால் மெக்சிகோ. அவளுடைய கித்தாரில் ‘எம்என்5’ என்று எண் தொடங்கியது. மெக்சிகோ, தொண்ணூறுகள், ஐந்தாம் ஆண்டு. ஓராண்டு முன்பின்னாக இருக்கலாம் என்றாலும் விளம்பரத்தோடு அது பொருந்தியது. அவளுக்கு நிம்மதி பிறந்தது.

கிப்சன் நிறுவனத்தின் எண்கள் இன்னும் சுவையானவை. 1977 முதல் அவர்கள் எட்டு இலக்க எண்ணைப் பயன்படுத்தினார்கள். 80322501 என்னும் எண்ணை எடுத்துக்கொள்வோம். முதல் இலக்கத்தையும் ஐந்தாம் இலக்கத்தையும் சேர்த்தால் 82; அதாவது 1982. இடையில் உள்ள 032 அவ்வாண்டின் 32ஆம் நாளைக் குறிக்கும். ஆகவே, அந்தக் கித்தாருக்குப் பிப்ரவரி 1ஆம் தேதி பிறந்தநாள்!

வார இறுதியில் மாணவியின் தாய்மாமன் வீட்டுக்கு வந்தார். இளமையில் இசைக்குழு ஒன்றில் வாசித்தவர் அவர். எண்ணைப் பார்த்துத் தலையசைத்தவர், ஓர் அளவுகோலைக் கேட்டு வாங்கி, கித்தாரின் உடலை ஓரத்தில் வைத்து அளந்தார். ஸ்ட்ராட்டோகாஸ்டரின் உடல் ஏறத்தாழ 45 மில்லிமீட்டர் தடிமன் இருக்க வேண்டும். இது 40 மில்லிமீட்டர்தான் இருந்தது.

“மாமா, அப்படியானால் எண் பொய்யா?”

“எண் பொய் சொல்லவில்லையம்மா. ஆனால் அது எங்கே இருக்கிறது பார்த்தாயா? கழுத்தில்தானே!”

தந்திகள் இறுக்கமாக இருக்கும்போது கழுத்தைக் கழற்றக் கூடாது. ஆகவே, முதலில் அவற்றைத் தளர்த்தினார்கள். பிறகு பின்புறத்தில் இருந்த நான்கு திருகாணிகளையும் கழற்றினார்கள். கழுத்தின் அடிப்பகுதியில் 1995ஆம் ஆண்டுத் தேதி ஒன்று மையால் முத்திரையிடப்பட்டிருந்தது. கழுத்து அசல்தான். ஆனால் அதே இடத்தில் திருகாணித் துளைகள் நான்கு அல்ல, எட்டு இருந்தன. பழைய நான்கையும் சிறு மரக்குச்சிகளால் அடைத்து, சற்றுத் தள்ளிப் புதிதாகத் துளையிட்டிருந்தார்கள். வேறோர் உடலில் இருந்த கழுத்து இது. உடலில் எந்த முத்திரையும் இல்லை. அது எந்த மாதிரியைச் சேர்ந்தது என்று மாமாவால் உறுதியாகச் சொல்ல இயலவில்லை. மெலிதாக இருப்பதால் விலை குறைந்த கித்தாருடையதாக இருக்கலாம் என்று மட்டும் சொன்னார். பழுதுபார்க்க எளிதாக இருக்கட்டும் என்று ஃபெண்டர் செய்த ஏற்பாடே இப்போது கித்தாரை அடையாளம் காண்பதைக் கடினமாக்கிவிட்டது.

அன்றிரவு மாணவி துளைகளைப் படம் எடுத்து விற்றவருக்கு அனுப்பினாள். கோபத்தில் எழுதிய முதல் செய்தியை அழித்துவிட்டு, அளவையும் தேதியையும் மட்டும் எழுதினாள். மறுநாள் பதில் வந்தது. அவரும் அதை இன்னொருவரிடமிருந்து அப்படியேதான் வாங்கியிருக்கிறார். எண்ணைப் பார்த்ததோடு சரி, கழற்றிப் பார்க்கவில்லை. கித்தாரைத் திருப்பிக் கொடுக்கலாம், அல்லது 200 வெள்ளியைத் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம் என்றார்.

அவள் பணத்தைப் பெற்றுக்கொண்டாள். அந்தக் கழுத்து அவளுடைய கைக்கு நன்றாகப் பொருந்தியிருந்தது. பிறகு ஒரு தாளில், “கழுத்து: மெக்சிகோ, 1995. உடல்: வேறு கித்தாருடையது, 40 மில்லிமீட்டர்” என்று எழுதிக் கித்தார்ப் பையின் உள்ளறையில் வைத்தாள்.

“இதை விற்கப் போகிறாயா என்ன?” என்று மாமா கேட்டார்.

“இப்போது இல்லை, மாமா,” என்றபடி அவள் புதிய தந்திகளை மாட்டத் தொடங்கினாள்.