பள்ளிப் பந்தியும் தர்மமே

அய்யா துணை



தர்மம் என்றால் தாங்கலில் நடக்கும் அன்னதர்மம்தான் நமக்கு முதலில் நினைவு வரும். நம் ஊர்ப் பள்ளிக்கூடத்திலும் தினமும் ஒரு பந்தி நடக்கிறது. அதையும் தர்மமாக எண்ணிக் காப்பது நம் கடமை என்பதே இந்தப் பாடம்.

அய்யா காட்டிய பந்தி

சாமித்தோப்பு முத்திரிக் கிணற்றில் எல்லாச் சாதியாரும் ஒரே நீரில் குளித்து, ஒன்றாக அமர்ந்து உண்டார்கள். துவையல் தவசில் 700 குடும்பத்தார் பச்சரிசியும் சிறுபயறும் சேர்த்துச் சமைத்ததை ஒரே வேளை உண்டு தவமிருந்தார்கள். ஆகவே நம் வழியில் அன்னம் என்பது வயிறு நிறைவது மட்டுமல்ல, பேதம் அழிவதும்தான்.

கரிசலில் தொடங்கிய தர்மம்

காமராசர் 1956இல் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கி வைத்தது நம் கோவில்பட்டிக்குப் பக்கத்து ஊரான எட்டயபுரத்தில். மழை பொய்த்தால் காடு தரிசாகிவிடும் பூமி இது. கஞ்சிக்கு வழியில்லாத பிள்ளை ஆடு மேய்க்கப் போகும். பிற்காலத்தில் விடியுமுன்னே தீப்பெட்டி ஆபீஸ் வண்டியில் ஏறியது. அந்தப் பிள்ளைகளைப் பள்ளிக்கு இழுத்தது பாடப்புத்தகம் மட்டுமல்ல, தட்டில் விழுந்த சோறும்தான்.

1982 ஜூலை 1இல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். இன்று தொடக்கப் பள்ளிப் பிள்ளைக்கு 100 கிராம், ஆறாம் வகுப்பிலிருந்து 150 கிராம் அரிசியில் சோறு கிடைக்கிறது. பருப்பும் காயும் உண்டு. பள்ளி நாட்களில் முட்டையும், முட்டை உண்ணாத பிள்ளைக்கு வாழைப்பழமும் தருகிறார்கள். 2022 செப்டம்பர் 15இல் காலை உணவும் தொடங்கியது. அடுப்பு மூட்ட நேரமின்றி வேலைக்கு ஓடும் தாய்மாருக்கு அதன் அருமை தெரியும்.

பந்தியில் பேதம்

2023இல் இதே எட்டயபுரம் வட்டாரத்தில் ஒரு கிராமப் பள்ளியில், சமைத்த பெண்ணின் சாதியைக் காரணம் காட்டிப் பிள்ளைகள் காலை உணவைத் தொடவில்லை. அமைச்சரும் நாடாளுமன்ற உறுப்பினரும் வந்து உடன் அமர்ந்து சாப்பிட்டார்கள். பிள்ளைக்குச் சாதி தானாகத் தெரியாது. வீட்டில் நாம் சொல்லித்தான் தெரியும். நெற்றியில் நாமம் இட்டவர் அதைச் சொல்லலாமா?

நாம் செய்ய வேண்டியவை

1. வசதி இருந்தாலும் நம் பிள்ளையை அந்தப் பந்தியில் உட்கார வையுங்கள். ஏழைப் பிள்ளைக்கு மட்டும் என்றாகிவிட்டால் சோறு கூச்சமாகிவிடும், கவனிப்பும் குறையும்.

2. சமைக்கும் அம்மாவை மரியாதையாக நடத்துங்கள். பருப்பு, காய், குடிநீர் சரியாக இருக்கிறதா என்று தலைமையாசிரியரிடம் பணிவாகக் கேளுங்கள்.

3. வீட்டு முருங்கைக்கீரை, காட்டில் விளைந்த பாசிப்பயறு, கம்பு ஆகியவற்றைப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள். கடையில் விற்கும் பாக்கெட் தீனியைவிட இவற்றில் சத்து அதிகம்.

4. விடுமுறை நாளிலும் கோடையிலும் பள்ளி அடுப்பு எரியாது. பசி விடுமுறை எடுக்காது. ஞாயிறு உச்சிப்படிப்பு முடிந்ததும் தாங்கலில் தெருப் பிள்ளைகள் எல்லாரையும் அழைத்து முதல் பந்தியில் அமர்த்துவோம். யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்க வேண்டாம்.

பசித்த பிள்ளையின் முகம் மலர்ந்தால் அய்யா மகிழ்வார்.

அய்யா உண்டு.