6174-ல் போய் நிற்கும் கணக்கு

நம்ம புதுச்சேரி பிரெஞ்சுக்காரர்கள் கையிலிருந்து இந்தியாவுக்கு வந்த ஆண்டு 1954. அந்த எண்ணை வைத்தே ஒரு கணக்கு போடலாம், வாங்க.

இலக்கங்களைப் பெரியதிலிருந்து சிறியதாக எழுதுங்கள்: 9541. அதையே திருப்பி எழுதுங்கள்: 1459. இப்போது கழியுங்கள். வரும் விடைக்கும் இதே மாதிரி செய்யுங்கள்.

9541 − 1459 = 8082
8820 − 0288 = 8532
8532 − 2358 = 6174
7641 − 1467 = 6174

பார்த்தீர்களா? அதற்கு மேல் நகராது!

இதை 1949-ல் கண்டுபிடித்தவர் கப்ரேகர் (1905–1986). மகாராஷ்டிராவில் நாசிக் பக்கம் தேவ்லாலியில் பள்ளிக்கூட வாத்தியார். முதுகலைப் பட்டம்கூட கிடையாது. சும்மா விளையாட்டு என்று பலர் ஒதுக்கினார்களாம். 1975-ல் அமெரிக்காவின் மார்ட்டின் கார்ட்னர் பத்திரிகையில் எழுதியபின் உலகமே அவரைத் தெரிந்துகொண்டது.

நானும் நோட்டில் இருபது எண் போட்டுப் பார்த்தேன். 2111 மட்டும் உதைத்தது. 2111 − 1112 = 999. அப்புறம் 999 − 999 = 0. "கப்ரேகர் தப்பு!" என்று அக்காவிடம் ஓடினேன்.

"டேய், நாலு இலக்கக் கணக்குதானே? 999-க்கு முன்னாடி இருந்த சைபர் எங்கடா போச்சு?" என்றாள்.

0999 என்று எழுதிப் போட்டேன். 9990 − 0999 = 8991. அடுத்து 9981 − 1899 = 8082. அப்புறம் நேரே 6174! வெட்கமாகப் போய்விட்டது.

அக்கா விடவில்லை. "எல்லாம் ஒரே இலக்கமா இருக்கிற பத்து எண்ணைத் தள்ளினா, 0001-லேர்ந்து மொத்தம் 9990 எண் இருக்கு. நீ போட்டது இருபது. மிச்சமும் சரின்னு யார் சொன்னது?"

9990 கணக்கா? மயக்கமே வந்தது. அவள்தான் வழி சொன்னாள். பெரியதிலிருந்து சிறியதாக இலக்கங்கள் அ, ஆ, இ, ஈ என்றால், கழித்தால் வருவது

999 × (அ − ஈ) + 90 × (ஆ − இ)

அதாவது இரண்டு வித்தியாசம் தெரிந்தால் போதும். முதலாவது 1 முதல் 9 வரை இருக்கலாம். இரண்டாவது 0 முதல், முதலாவதைத் தாண்டாமல் இருக்கும். 2 + 3 + 4 + ... + 10 = 54 வகைதான்!

அக்கா 27, நான் 27 என்று பிரித்துக்கொண்டோம். இரண்டு சாயங்காலம் ஆச்சு. அத்தனையும் 6174-ல் வந்து நின்றது. எந்த எண்ணுக்கும் ஏழு தடவைக்கு மேல் கழிக்க வேண்டியதில்லை.

கணக்கு எனக்கு வராது என்று நினைத்துக்கொண்டிருந்தவன் நான். இருபது எண் சரியா வந்தா அது நம்பிக்கை, 54-ம் பார்த்தால்தான் நிரூபணம் என்று இப்போது புரிகிறது.

உங்களுக்கு ஒரு கேள்வி: மூன்று இலக்க எண்கள் எந்த எண்ணில் போய் நிற்கும்? அதை நிரூபிக்க 9 கணக்கே போதும். ஏன்?

விடை அடுத்த சுவர் இதழில்!