புதிய போதைப் பொருள்களை இனங்காணும் ஏற்பிச் சோதனை

2016 ஜூலை 12ஆம் நாள், நியூயார்க் நகரின் புரூக்லின் பகுதியில் 33 பேர் ஒருங்கே உணர்வு மழுங்கிய நிலைக்கு ஆளாயினர். அவர்கள் புகைத்தது ‘மூலிகை ஊதுபொருள்’ என்ற பெயரில் விற்கப்பட்ட இலைத்தூள். அதில் கலந்திருந்ததோ ஏ.எம்.பி.-ஃபுபினாகா என்னும் செயற்கை வேதிப்பொருள். கஞ்சாவின் போதைக்குக் காரணமான டி.எச்.சி.யைவிட அது 85 மடங்கு வீரியமுடையது என ஆய்வாளர்கள் மதிப்பிட்டனர்.

இத்தகைய பொருள்களின் மூலக்கூறில் ஓர் அணுத்தொகுதியை மாற்றினாலே புதிய பொருள் பிறந்துவிடுகிறது. பெயர் குறித்துத் தடை செய்யும் சட்டத்திற்கு அது அகப்படுவதில்லை. கஞ்சாவைக் கண்டறியும் வழக்கமான சிறுநீர்ச் சோதனைக்கும் தப்பிவிடுகிறது. எனவே, ஒரு பொருளின் பெயரை மட்டுமன்றி அதன் செயலையும் ஆராய்வது இன்றியமையாததாகிறது.

நமது மூளை உயிரணுக்களின் மேற்பரப்பில் சி.பி.1 எனப்படும் ஏற்பிகள் உள்ளன. 1990ஆம் ஆண்டில் இதன் மரபணு அமைப்பு கண்டறியப்பட்டது. இவ்வேற்பியைப் பூட்டாகவும், போதைப் பொருளைத் திறவுகோலாகவும் கொள்ளலாம். சோதனை இரு படிகளில் நடைபெறும்.

முதற்படி, பிணைப்புச் சோதனை. ஆய்வுக்கூடத்தில் வளர்க்கப்பட்ட உயிரணுக்களின் ஏற்பிகளில் கதிரியக்கக் குறியிட்ட பொருளொன்றை முதலில் பிணைப்பர். புதிய பொருளைச் சேர்த்ததும் அது எவ்வளவு வெளியேற்றப்படுகிறது என்று அளந்தால், புதிய பொருளின் பற்றும் ஆற்றல் விளங்கும்.

ஆனால், பூட்டினுள் நுழையும் திறவுகோல் யாவும் பூட்டைத் திறப்பதில்லை. ரிமோனபான்ட் என்னும் மருந்து இவ்வேற்பியில் உறுதியாகப் பிணைந்தும் அதை இயக்காது தடுக்கிறது. ஆகவே இரண்டாம் படி தேவை. சி.பி.1 இயங்கும்போது உயிரணுவினுள் சுழல் ஏ.எம்.பி. என்னும் பொருளின் அளவு குறைகிறது. இக்குறைவை அளந்து, டி.எச்.சி.யின் விளைவோடு ஒப்பிடுவர். டி.எச்.சி. ஏற்பியை ஓரளவே இயக்கவல்லது. செயற்கைப் பொருள்கள் பலவோ முழுமையாக இயக்குகின்றன. அவற்றால் விளையும் பேரிடருக்கு இதுவும் ஒரு காரணமாகும்.

பிரிட்டனில் 2016ஆம் ஆண்டின் உளவியக்கப் பொருள்கள் சட்டம், பெயர்ப் பட்டியலை நாடாமல் விளைவையே அளவுகோலாகக் கொண்டது. அங்கு இவ்வகைச் சோதனை முடிவுகள் சான்றாகின்றன. நம் நாட்டில் 1985ஆம் ஆண்டின் போதைப் பொருள்கள் மற்றும் உளவெறியூட்டும் பொருள்கள் சட்டம், புதிய உளவெறியூட்டும் பொருள்களை அறிவிக்கை வாயிலாகப் பட்டியலில் சேர்க்க மத்திய அரசுக்கு அதிகாரம் அளிக்கிறது. அவ்வதிகாரத்தைக் காலந்தாழ்த்தாமல் பயன்படுத்த இச்சோதனை துணைபுரியும்.

உயிரணுவில் காணும் விளைவு, மனித உடலில் நேரும் கேட்டின் முழு அளவைக் காட்டாது என்பதையும் மறத்தலாகாது. எனினும், மருத்துவமனைப் படுக்கைகள் நிரம்பும் வரை காத்திராமல் முன்னரே எச்சரிக்கும் ஆற்றல் இதற்கு உண்டு.