விடிகாலை நாலு மணிக்கு முடிவெடுக்காதே

அன்புள்ள பாப்பா,

"வேலை ஒத்துவரல அத்தை, ஊருக்கே வந்துடட்டுமா" என்று நீ வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பியதைக் கேட்டேன். போன் செய்யாமல் எழுதுகிறேன். போனில் நீ அழுவாய், நானும் மனசு தாங்காமல் "சரி, கிளம்பி வா" என்று சொல்லிவிடுவேன். சுங்குவார்சத்திரத்தில் காலையில் பஸ் ஏறினால் மதியச் சாப்பாட்டுக்கு வந்தவாசியில் இருக்கலாம். அந்த பஸ் அடுத்த மாதமும் ஓடும், அவசரம் ஒன்றுமில்லை.

நீ சொன்னதில் இரண்டு சங்கதி பின்னிக் கிடக்கிறது. லைனில் கை வேகம் வரவில்லை, போர்டு தேங்குகிறது, லைன் லீடர் சத்தம் போடுகிறாள், நைட் ஷிப்டில் கண் சொக்குகிறது, ரூமில் இருக்கும் ஒடிசாப் பிள்ளைகள் பேசுவது புரியவில்லை. இது ஒன்று. மெஸ்ஸில் குழம்பு ஊசிப்போயிருந்தது, யாரும் கேட்கவில்லை, நீயும் தின்றுவிட்டுப் பேசாமல் இருந்துவிட்டாய். இது இன்னொன்று. முதலாவது பழகப் பழகச் சரியாகும். இரண்டாவதற்கு நீ பழகவே கூடாது. அழுகையில் இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும்.

லைனைப் பற்றி முதலில் சொல்கிறேன். இருங்காட்டுக்கோட்டைப் பக்கம் கார்களுக்கு ஒயர் கட்டும் வேலையில் பல வருஷம் நின்றவள் நான். புதுப் பிள்ளைகள் எல்லாரும் தேங்கி நிற்கும் வேலையைத்தான் பார்ப்பார்கள். கண் அங்கே போனதும் கை தப்பும். தப்பினது ரீவொர்க்குக்குப் போகும், தேக்கம் இன்னும் கூடும், திட்டும் கூடும். கையில் இருக்கிற ஒரு போர்டை மட்டும் பார். அதை முடி, தள்ளு, அடுத்ததை எடு. மணிக்கட்டில் பட்டை மாட்டி ஒயரைச் செருகிக்கொண்டுதானே உட்காருகிறாய்? உன் உடம்பில் சேரும் நிலைமின்சாரம் சிப்பைக் கெடுத்துவிடாமல் தரைக்கு இறங்குவதற்காக அது. மாட்டும்போதெல்லாம் நீ இருக்கும் இடத்தை உனக்கே ஒரு தடவை சொல்லிக்கொள்: இது என் ஸ்டேஷன், இது என் கை. சிரிப்பாய், பரவாயில்லை. திட்டு விழும்போது மனசு ஊருக்கு ஓடும், அம்மா முகம் தெரியும், அந்த நேரத்தில்தான் ஸ்க்ரூ மாறிப்போகும். திட்டில் விஷயம் என்ன என்று மட்டும் எடுத்துக்கொள். ஸ்க்ரூவின் முறுக்கு குறைவு என்கிறாளா, கோணல் என்கிறாளா? அதைத் திருத்து. அவள் குரலை ஹாஸ்டலுக்குத் தூக்கிக்கொண்டு போகாதே. அவளுக்கும் மேலே ஒருத்தர் கத்துகிறார்.

நைட் ஷிப்ட் வேறு விஷயம், அது உடம்புக் கணக்கு. விடிகாலை நாலு மணி வாக்கில் மனித உடம்பின் சூடு மிகவும் கீழே இறங்கியிருக்கும். மூளை மந்தமாகும், சின்னக் கவலையும் மலையாகத் தெரியும். நீ எனக்குப் பேசி அனுப்பியது 4.10க்கு. அந்த நேரத்தில் வேலையை விடுவது, கல்யாணத்துக்குச் சரி என்பது, யாருடனாவது சண்டை போடுவது, எதையும் முடிவு செய்யாதே. தூங்கி எழுந்து, குளித்து, சாப்பிட்ட பிறகும் அதே எண்ணம் இருந்தால் அப்போது யோசிக்கலாம். ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் வரும்போது போனை நோண்டாதே. ஜன்னலுக்குக் கெட்டித் துணி கட்டித் தூங்கு.

ரூம் பிள்ளைகளிடம் தினம் ஒரு வார்த்தை கேட்டுக் கற்றுக்கொள். வீட்டை விட்டு வந்து தங்குவது நீ மட்டும் இல்லை. வல்லம் வடகாலில் ஃபாக்ஸ்கான் பெண்களுக்காக 2024 ஆகஸ்டில் முதல்வர் திறந்துவைத்த குடியிருப்பில் மட்டும் 18,720 பெண்கள் தங்க இடம், அறைக்கு 6 பேர். மொழி தெரியாத ஊரில் வந்து படுத்திருக்கும் உன் ரூம் பிள்ளைகளுக்கு உன்னைவிடத் தூரம் அதிகம்.

இனி அந்தக் குழம்பு விஷயம். அந்தக் குடியிருப்பைப் பற்றிச் சொன்னேன் அல்லவா, அதற்கு முந்தின கதை ஒன்று உண்டு. 2021 டிசம்பரில், ஆப்பிளுக்கு ஐபோன் செய்யும் ஃபாக்ஸ்கான் ஆலைப் பெண்கள் தங்கியிருந்த, பூந்தமல்லி பக்கத்து ஹாஸ்டல் ஒன்றில் சாப்பாடு விஷமாகி 159 பேர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள். தோழிகளுக்கு என்ன ஆயிற்று என்று சரியாகச் சொல்வாரில்லை, செத்துவிட்டார்கள் என்று வதந்தி கிளம்பியது. உன்னைப் போன்ற பிள்ளைகள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் ராத்திரியோடு ராத்திரியாக வந்து உட்கார்ந்தார்கள். தொழிற்சாலை மூடப்பட்டது. தங்குமிடங்களும் சாப்பாட்டுக்கூடங்களும் தன் விதிகளுக்கு ஏற்றபடி இல்லை என்று ஆப்பிள் ஒப்புக்கொண்டு, ஆலையைக் கண்காணிப்பில் வைத்தது. 2022 ஜனவரி 12ஆம் தேதிதான் மறுபடி திறந்தார்கள். ரோட்டில் உட்கார்ந்ததை நான் கொண்டாடவில்லை. முதல் நாள் சோறு கெட்டபோதே யாராவது கேட்டிருந்தால், கேட்டதை யாராவது காதில் போட்டிருந்தால், 159 பேர் படுத்திருக்க வேண்டாம் என்றுதான் நினைக்கிறேன்.

உன் பஸ் போகிற சாலைக்குப் பக்கத்திலேயே இன்னொன்றும் நடந்தது. 2024 செப்டம்பர் 9ஆம் தேதி சாம்சங் தொழிலாளர்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வேலையை நிறுத்திவிட்டுப் பந்தலில் உட்கார்ந்தார்கள். கேட்டது சங்கத்துக்கு அங்கீகாரம், சம்பள உயர்வு. அக்டோபரில் போலீஸ் பந்தலைப் பிரித்தது. பந்தல் போனபிறகும் வெட்டவெளியில் வந்து உட்கார்ந்தார்கள். 37 நாள். அக்டோபர் 15இல் பேச்சுவார்த்தையில் முடிந்தது. சங்கப் பதிவுக்கு உயர் நீதிமன்றம் வரை போய், 2025 ஜனவரி 27இல்தான் அது கிடைத்தது. அதற்கு அடுத்த மாதமே சஸ்பெண்ட் விவகாரத்தில் மறுபடி ஆலைக்குள்ளேயே உட்கார்ந்தார்கள். எல்லாம் சுபமாக முடிந்தது என்று உனக்குச் சொல்ல மாட்டேன். சங்கம் நல்லதா என்பதில் உன் அப்பாவுக்கும் எனக்குமே ஒத்துப்போகாது, தீபாவளிக்கு வந்தால் அந்தச் சண்டையைப் பார்ப்பாய். ஆனால் அவர்கள் ஃப்ரிட்ஜும் வாஷிங் மெஷினும் செய்து கை தேர்ந்த ஆட்கள், வேலை தெரியாததால் உட்கார்ந்தவர்கள் இல்லை. வேலையை விட்டு ஓடவும் இல்லை, வாயை மூடிக்கொண்டு இருக்கவும் இல்லை. எனக்குப் பெரிதாகப் பட்டது அதுதான்.

உன்னை நான் பந்தலுக்குப் போகச் சொல்லவில்லை. ட்ரெயினிக்கு அது வேண்டாத பாரம் என்பதும் எனக்குத் தெரியும். மெஸ்ஸில் புகார் நோட்டு இருக்கிறதா என்று பார். இருந்தால் தேதி போட்டு, என்ன சாப்பாடு, எந்த வேளை என்று எழுது. தனியாக எழுதாதே, அந்த ஒடிசாப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொள், கையெழுத்துக்கு எந்த மொழியும் ஆகும். எழுதின பக்கத்தைப் போட்டோ எடுத்து வை. சம்பளச் சீட்டு, இஎஸ்ஐ நம்பர், பிஎஃப் நம்பர் மூன்றையும் எனக்கு அனுப்பு. யாராவது ஆண் கை வைத்தாலோ, வேண்டாத பேச்சு பேசினாலோ, 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி கம்பெனிக்குள் அதற்கென்று ஒரு கமிட்டி இருக்க வேண்டும். உறுப்பினர்கள் பெயர் நோட்டீஸ் போர்டில் இருக்கும், இப்போதே பார்த்து வைத்துக்கொள். அப்படி ஒன்று நடந்தால் மட்டும் நாலு மணி என்றும் பார்க்காதே, உடனே எனக்குப் போன் செய்.

பொங்கல் வரைக்கும் இருந்து பார். அதற்குள் கை வேகம் வந்துவிடும் என்பது என் கணிப்பு. வந்தபிறகும் வேலை பிடிக்கவில்லை என்றால் ஐடிஐயோ டிப்ளமோவோ சேர்த்துவிடுகிறேன், உன் அப்பாவிடம் நான் பேசிக்கொள்கிறேன். இந்த ஞாயிற்றுக்கிழமை தூங்கி எழுந்து, சாப்பிட்டுவிட்டுக் கூப்பிடு.

அன்புடன்,
அத்தை